கலவரச் செய்தியில் தெருப்பெயர்கள் ஏன் காணாமல் போகின்றன?

மலேசியாவைப் பற்றி வெளிநாட்டார் எழுதும் வரலாற்றுக் குறிப்புகளில் 1969-க்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். தேர்தலுக்குப் பிறகு மலாய்க்காரர்களும் சீனர்களும் மோதிக்கொண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் அந்த நாட்களைக் கண்ட பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இனப்பெயரில் தொடங்க மாட்டார்கள், தெருவில் தொடங்குவார்கள். எந்த முச்சந்தியில் பஸ் நின்றுபோனது, யார் வீட்டுப் பின்கட்டில் யார் ஒளிந்திருந்தார்கள், ஊரடங்கு தளர்ந்த கொஞ்ச நேரத்தில் அரிசி எங்கே கிடைத்தது என்றுதான் பேச்சு போகும்.

இந்த இரண்டு விவரிப்புகளுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தூரத்து நாட்டில் இனக்கலவரம், மதக்கலவரம் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் படிப்பது முதல் வகை விவரிப்பை. நம் ஊரைப் பற்றி உலகம் எழுதியதை நாம் அறிவோம் என்பதால், மற்ற ஊர்களைப் பற்றி எழுதப்படுவதை எடைபோட மலேசியத் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

1969 மே 13 கலவரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தேர்தல் நடந்தது மே 10. ஆளும் கூட்டணி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது, ஆனால் தீபகற்பத்தில் பாதி வாக்குகளைக்கூடப் பெறவில்லை. பினாங்கு மாநிலம் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கெராக்கான் கைக்குப் போனது. சிலாங்கூர் சட்டமன்றத்தில் கூட்டணிக்கு 14, மற்றவர்களுக்கு 14 என்று இழுபறி. மாநில ஆட்சியே யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலை. 11, 12 தேதிகளில் எதிர்க்கட்சியினர் தலைநகரில் வெற்றி ஊர்வலம் போனார்கள். பதிலுக்குக் கூட்டணியின் மலாய்க் கட்சியான அம்னோவின் ஆதரவாளர்கள் 13-ஆம் தேதி மாலை ஜாலான் ராஜா மூடாவில், சிலாங்கூர் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஹருன் இட்ரிஸ் வீட்டில் கூடினார்கள். மலாய்க்காரர் குடியிருப்பான கம்போங் பாருவை ஒட்டிய இடம் அது. செத்தாப்பாக்கில் ஊர்வலத்துக்கு வந்தவர்களோடு கைகலப்பு என்ற தகவல் அந்தக் கூட்டத்துக்கு எட்டியது. இருட்டுவதற்குள் சுற்றுவட்டாரத் தெருக்களில் ஆட்கள் வெட்டுப்பட்டு விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மாநில சட்டமன்றத்தின் இழுபறி, ஒரு வீட்டு முற்றத்தில் திரண்ட கூட்டம், சில மைல் தள்ளியிருந்து வந்த ஒரு தகவல். இந்த மூன்றும் இல்லாமல் அந்த மாலையைச் சொல்லவே முடியாது. ஒற்றை வரி வரலாற்றில் மூன்றுக்கும் இடமில்லை. பெரும் வன்முறை கோலாலம்பூரோடும் அதைச் சுற்றிய சிலாங்கூர்ப் பகுதிகளோடும் நின்றது என்பதும் அதில் இல்லை. மற்ற மாநிலங்களில் இதே இனத்தார் இதே நாட்களில் அடுத்தடுத்த கடைகளில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு இனங்களுக்குள் ஊறிப்போன பகைதான் காரணம் என்றால் அந்தப் பகை ஏன் மாநில எல்லையில் நின்றது?

இன்னொன்றும் விடுபடுகிறது. கலவரத்துக்குப் பிறகு நாட்டை நிர்வகித்த தேசிய நடவடிக்கை மன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி இறந்தவர்கள் 196 பேர்: சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, மற்றவர்கள் 15. ஜூன் 28-இல் செந்தூலில் மீண்டும் கலவரம் மூண்டு இந்தியர் வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. ரயில்வே தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்த செந்தூல் அது. மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்தது என்று கதையை இரண்டு பெயரில் முடித்துவிட்டால் செந்தூலுக்கு அதில் இடம் ஏது? மூன்றாவதாக ஒரு தரப்பு செத்தது கணக்கில் குழப்பம் உண்டாக்கும் என்பதால் அது உதிர்ந்துபோகிறது. இந்த நாட்டில் நாம் எப்போதும் அந்த மூன்றாவது தரப்பு. இப்படி உதிர்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இது யாரோ ஒரு நிருபரின் சோம்பல் மட்டும் அல்ல. செய்தி பயணப்படும் விதமே அப்படி. கொழும்பிலோ இம்பாலிலோ நடப்பதை எழுத நம் தமிழ் நாளிதழ்களுக்குப் பெரும்பாலும் சொந்த நிருபர் கிடையாது. ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி போன்ற நிறுவனங்கள் அனுப்புவது வந்து சேரும். அதை மொழிபெயர்த்து, இருக்கும் இடத்துக்கு ஏற்ப வெட்டுவார்கள். வெட்டும்போது முதலில் போவது வாசகருக்குத் தெரியாத பெயர்கள்: ஊர், தெரு, உள்ளூர் அரசியல்வாதி, மாவட்ட அதிகாரி. கடைசி வரை நிற்பது வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்தவை: நாட்டின் பெயர், இரண்டு சமூகங்களின் பெயர், ஓர் எண். நோர்வே அறிஞர் யோஹான் கால்ட்டுங் 1965-இல் மாரி ரூகேயோடு சேர்ந்து, காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைப் பற்றி நோர்வே நாளிதழ்களில் வந்த செய்திகளை ஆராய்ந்தார். ஒரு நாடு எவ்வளவு தூரத்திலும் அந்நியமாகவும் இருக்கிறதோ, அங்கிருந்து வரும் செய்தி அவ்வளவு எளிமையாகவும், வாசகர் மனத்தில் முன்பே உள்ள படத்தோடு ஒத்துப்போவதாகவும் இருந்தால்தான் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அறுபது ஆண்டுகள் ஆகியும் அது பழசாகவில்லை.

இதே சுருக்கம் கலவரத்தின் உள்ளேயும் நடக்கிறது என்று காட்டியவர் ஒரு தமிழர். இலங்கையில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மானுடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சந்தையில் ஒரு வாய்த்தகராறு, வாடகைப் பாக்கி, பஸ்ஸில் ஒரு தள்ளுமுள்ளு என்று உள்ளூரில் ஏதோ நடக்கும். அது ஊரைத் தாண்டிப் பரவும்போது முதலில் அதன் சூழல் உரிந்து விழும். யாருக்கும் யாருக்கும் தகராறு, எதற்காக என்பது போய்விடும். பிறகு மிச்சமிருப்பதைத் தூக்கி ஒரு பெரிய விஷயத்தோடு ஒட்டுவார்கள்: இனத்தின் மானம், மதத்தின் எதிர்காலம், நாட்டின் பிழைப்பு. இந்த இரண்டு வேலையையும் முதலில் செய்பவர்கள் கலவரத்தைத் தூண்டுகிறவர்கள். வெளிநாட்டுச் செய்தி, தானறியாமல், அவர்கள் தயாரித்த வடிவத்தையே உலகத்துக்கு எடுத்துப் போகிறது. ‘காலங்காலமான பகை வெடித்தது’ என்ற வாசகம் தூண்டியவனுக்கு மிகவும் பிடித்த வாசகம். பகையே காரணம் என்றால் அவன் பெயரை யாரும் தேட மாட்டார்களே.

1983 ஜூலையை எடுத்துக்கொள்வோம். அப்போது உலகுக்குப் போன செய்தி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஜூலை 23 இரவு விடுதலைப் புலிகள் 13 இராணுவத்தினரைக் கொன்றார்கள், ஆத்திரமடைந்த சிங்களவர்கள் கொழும்பில் தமிழரைத் தாக்கினார்கள். அடி விழுந்தது, பதிலடி விழுந்தது என்று இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு இராணுவம் யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் 51 பேரைச் சுட்டுக் கொன்றது தணிக்கையால் அப்போது வெளியே வரவில்லை. கொழும்பில் கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழர் வீடு, எந்தக் கடை தமிழர் கடை என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். வாக்காளர் பட்டியல் கோபத்தில் கையில் முளைப்பதில்லை. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து யாரோ எடுத்துக் கொடுக்க வேண்டும். வெலிக்கடைச் சிறையில் 25-ஆம் தேதியும் 27-ஆம் தேதியுமாகத் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டார்கள். பூட்டிய சிறைக்குள் தெருவின் ஆத்திரம் எப்படி நுழைந்தது? ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன நாட்டு மக்களிடம் பேசியது 28-ஆம் தேதி. செத்த தமிழருக்காக அந்த உரையில் ஒரு வார்த்தை இல்லை. பலியானவர்கள் 400-க்குள் என்பது அரசுத் தரப்பின் கணக்கு, 3,000 வரை என்பது மற்றவர்கள் கணக்கு.

கோலாலம்பூரில் இந்தச் செய்தி இரண்டு விதமாக இறங்கியது. பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்களுக்குத் திருநெல்வேலியும் கந்தர்மடமும் மாமா வீடும் சித்தி வீடும் இருக்கிற இடங்கள். பத்திரிகை விட்ட இடத்தைக் கடிதமும் தொலைபேசியும் நிரப்பின. தோட்டங்களிலிருந்து வந்த, தமிழ்நாட்டு வழித் தமிழருக்கு அப்படி ஓர் இழை இல்லை. அவர்களுக்குப் பத்திரிகைத் தலைப்புதான். ஆனால் இலங்கை மலையகத்தில், இவர்களைப் போலவே தேயிலைக்கும் ரப்பருக்கும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் 1977-லும் 1981-லும் 1983-லும் அடிபட்டார்கள். தனிநாட்டுக் கோரிக்கைக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் குறைவு. பிரிவினைக்கு எதிரான ஆத்திரம் என்ற விளக்கம் அவர்கள் லயன் வீடுகள் ஏன் எரிந்தன என்று சொல்லாது. இங்குள்ள தோட்டத் தமிழர் தம் ரத்தத்துக்கு மிக அருகில் இருந்த கதையைக் கடைசியாகத்தான் கேட்டார்கள்.

இவ்வளவு சொன்னதற்காக, வெளியார் எழுதுவதெல்லாம் தள்ளத்தக்கது என்ற முடிவுக்குப் போகக் கூடாது. கலவரம் நடந்த நாட்டின் அரசு எப்போதும் சொல்லும் வாசகம் அது: இது எங்கள் உள்விவகாரம், வெளியாருக்குப் புரியாது. கொழும்பில் தமிழர்கள் நிறைந்த ஒரு சிறு பஸ்ஸைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதை நேரில் பார்த்து வெளியே போய்ச் சொன்னது ஒரு நோர்வேச் சுற்றுலாப் பயணி. கோலாலம்பூரிலும் உள்ளூர்ப் பத்திரிகைகள் முடக்கப்பட்டிருந்த நாட்களில் நகரில் இருந்த வெளிநாட்டு நிருபர்களும் தூதரகத்தாரும்தான் எழுதிவைத்தார்கள். சாவு 600-ஐ எட்டும் என்ற மதிப்பீடு அவர்களிடமிருந்து வந்தது. 2007-இல் மலேசிய ஆய்வாளர் குவா கியா சூங் லண்டன் ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்ட கோப்புகளைக் கொண்டு, மே 13 தானாக வெடித்தது அல்ல, ஆட்சியில் இருந்தவர்களுக்குள் நடந்த அதிகாரப் போட்டி அதன் பின்னால் இருந்தது என்று வாதிட்டார். அவர் வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். வாதிடவே கைப்பொருளாக இருந்தது வெளியார் எழுதிய குறிப்புகள்.

ஆகவே நான் பிரித்துப் பார்க்கிறேன். வெளியார் தம் கண்ணால் ஒரு தெருவில் பார்த்தது பெரும்பாலும் மதிப்புள்ளது, உள்ளூரார் வாய் கட்டப்பட்டிருக்கும்போது விலைமதிப்பற்றது. ஏன் நடந்தது என்று அவர் அடுத்த பத்தியில் எழுதும் காரணம் பல நேரம் எங்கோ ஓர் ஆசிரியர் மேசையில் சேர்த்தது. கேடு அந்தக் காரணத்தில்தான்.

இங்கிருந்து பார்க்கும் நாமும் வெளியார்தான். மணிப்பூர் இதற்கு நல்ல சான்று. 2023 மே 3-இல் தொடங்கிய வன்முறை, இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சண்டை என்று பல வெளிநாட்டு ஊடகங்களில் வந்தது. மெய்தெய்கள் பெரும்பாலும் இந்துக்கள், மலைவாழ் பழங்குடியினரான குக்கிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், தேவாலயங்கள் எரிந்தன. எல்லாம் உண்மை. ஆனால் எரிந்த தேவாலயங்களில் மெய்தெய்க் கிறிஸ்தவர்களுடையவையும் உண்டு. மாநில மக்களில் பாதிக்கு மேல் மெய்தெய்கள், நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான பள்ளத்தாக்கில் நெருக்கி வாழ்கிறார்கள். மலை நிலத்தைப் பழங்குடியல்லாதார் வாங்க முடியாது. மெய்தெய்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னதை எதிர்த்து மலையில் நடந்த பேரணியன்றுதான் தீப்பிடித்தது. அதற்கு முன்பே காட்டு நில வெளியேற்றம், மியன்மாரிலிருந்து வந்த அகதிகள், அபினுக்கான கசகசாச் செடிப் பயிர் என்று மனக்கசப்பு சேர்ந்திருந்தது. எங்கோ வேறிடத்தில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் உடல் படம், மலையில் கொல்லப்பட்ட மெய்தெய் மாணவி என்று பரப்பப்பட்டது. அதன் பிறகு குக்கிப் பெண்களுக்கு நேர்ந்ததை உலகம் ஜூலை 19-இல் வெளியான காணொளியில்தான் கண்டது. நடந்தது மே 4. இடையில் இரண்டரை மாதம் அங்கே இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது. 250 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

அந்த மாநிலத்தில், பர்மா எல்லையில், மோரே என்று ஒரு சிற்றூர். 1960-களில் பர்மாவில் கடைகளும் நிலங்களும் அரசுடைமையாகி விரட்டப்பட்ட தமிழர்கள், மறுபடியும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று நடந்து வந்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 2023-இல் அவர்களில் சிலர் வீடுகளும் எரிந்தன. இரண்டு பக்கமும் சேராத மூன்றாவது தரப்பு. செந்தூலைத் தெரிந்தவர்களுக்கு மோரேயைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் இங்கே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அப்போது சுற்றியதெல்லாம் இந்துவா கிறிஸ்தவரா என்ற வழக்குதான். மோரே என்ற பெயர் என் கண்ணில் படவே இல்லை.

தூரத்துச் சண்டையில் நம் தரப்பு எது என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு செய்தியைப் படிக்கும் பழக்கம் இந்த நாட்டில் எல்லாரிடமும் உண்டு. ரோஹிங்யா மக்களுக்காக 2016 டிசம்பர் 4-இல் கோலாலம்பூர் தித்திவங்சா அரங்கில் பிரதமர் நஜிப் தலைமையிலேயே பேரணி நடந்தது. 2020 ஏப்ரலில், அதே மக்கள் படகில் வந்தபோதும் செலாயாங் சந்தையை ஒட்டி வாழ்ந்தபோதும், குடியுரிமை கேட்கிறார்கள் என்ற பொய்ச்செய்தியோடு இணையமே அவர்கள்மேல் பாய்ந்தது. மியன்மாரின் ராக்கைனில் பலியானவர் என்ற பெயரில் நேசிக்கப்பட்டவர், பக்கத்துத் தெருவில் காய்கறி மூட்டை தூக்குபவராக வந்தபோது அந்நியராகிவிட்டார். அவருடைய ஊர், தொழில், 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருக்கு என்ன செய்தது என்பதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு வேகமாக மனம் மாறியிருக்காது என்று நம்புகிறேன். இதற்கு முன் 2013-இல், மியன்மாரில் நடந்த மோதல்களின் தொடர்ச்சியாகக் கோலாலம்பூரிலேயே மியன்மார்த் தொழிலாளர்கள் சிலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து வந்த படங்களும் காணொளிகளும் சொந்த ஊர்ப் பகையை இந்த நகரத்துக் கொட்டகைகள் வரை கொண்டுவந்திருந்தன.

பினாங்குக்காரர்களுக்கு 1998 மார்ச்சில் நடந்த கம்போங் ராவா நினைவிருக்கும். ஒரு கோயிலும் ஒரு பள்ளிவாசலும் அருகருகே இருந்ததை ஒட்டிய தகராறு. துணைப் பிரதமராக இருந்த அன்வார் இப்ராஹிம் தலையிட்டுப் பேச வேண்டி வந்தது. வெளிநாட்டுச் செய்தியில் இந்து முஸ்லிம் மோதல். சம்பவ இடத்தில் இருதரப்பிலும் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே கடையில் தேநீர் குடித்தவர்கள். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் கோயில் சம்பவமும் இப்படியே. அதிகாலையில் ஒரு கும்பல் கோயிலுக்குள் புகுந்தது, வாகனங்கள் எரிந்தன, ஒரு தீயணைப்பு வீரர் காயமுற்றுப் பிறகு இறந்துபோனார். முதல் சில மணி நேரம் அது இனக்கலவரம். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் போன் போட்டு, “பத்திரமா இருக்கீங்களா?” என்று கேட்டார்கள். இது நிலத் தகராறு, கும்பல் கூலிக்கு அமர்த்தப்பட்டது என்று அரசுத் தரப்பு சொன்ன பிறகும் பழைய தலைப்பு கடல் கடந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கலவரம் என்பது எப்போதும் ஓர் ஊரில் நடப்பது. அரசியல் அறிவியலாளர் அஷுதோஷ் வார்ஷ்ணே இந்தியாவில் 1950-லிருந்து 1995 வரை நடந்த இந்து முஸ்லிம் கலவரங்களைக் கணக்கெடுத்தார். சாவுகளில் ஏறத்தாழ பாதி எட்டே நகரங்களில். அகமதாபாத், பம்பாய், அலிகார், ஹைதராபாத், மீரட், பரோடா, கல்கத்தா, டெல்லி. நாட்டு மக்களில் இருபதில் ஒரு பங்குதான் அந்த நகரங்களில். கிராமங்களில் செத்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இந்தியாவில் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து வாழ முடியாது என்று தூரத்தில் இருந்து முடிவு கட்டுகிறவர், சேர்ந்து வாழும் ஆயிரக்கணக்கான ஊர்களை விட்டுவிட்டு எட்டு ஊர்களைப் பார்த்து முடிவு கட்டுகிறார்.

அதனால்தான் தூரத்துச் செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் ஊர் எது என்று தேடுகிறேன். பிறகு போலீஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று. மூன்றாவதாக, யாரை யார் ஒளித்துவைத்தார்கள் என்று. 1983-இல் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் தமிழரைத் தம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்று கும்பலுக்குப் பதில் சொன்னார்கள். 2020 பிப்ரவரியில் டெல்லி கோகுல்புரியில் ஒரு சீக்கியத் தந்தையும் மகனும் ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் மாறி மாறி ஓட்டி, பல டஜன் முஸ்லிம் அண்டைவீட்டாரைப் பத்திரமான இடத்தில் விட்டார்கள். ஊடகங்கள் இதை மனதுக்கு இதமான பெட்டிச் செய்தியாகக் கடைசியில் போடும். முதல் பத்தியில் போட வேண்டிய சான்று இது. அண்டைவீட்டார் கதவைத் திறந்துவிட்ட தெருவில் எரித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி அதன் பிறகு தானாக எழும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் வருவது நிருபர்கள் ஊரைக் காலி செய்து வெகுகாலம் ஆன பிறகு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை 1998-இல் வந்தது. சாவு 900: முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, மற்றவர்களும் அடையாளம் தெரியாதவர்களுமாக 50. அதில் ஒரு பெரும்பகுதி போலீஸ் நிலைய வாரியாக எழுதப்பட்டது. எந்த எல்லைக்குள் எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த அதிகாரி என்ன செய்தார், என்ன செய்யாமல் இருந்தார் என்று போகிறது. தலைப்புச் செய்தியில் உதிர்ந்த தெருப்பெயர்கள் எல்லாம் அங்கே திரும்பி வருகின்றன. இலங்கையில் 1981-லிருந்து 1984 வரையிலான வன்முறையை விசாரிக்க உண்மை ஆணையம் அமைக்கப்பட்டதே 2001-இல்தான். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2004 ஜூலையில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார், இருபத்தொரு ஆண்டு கழித்து. உலகப் பத்திரிகைகளில் 1983-க்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். அதை விசாரிக்க இப்படி ஓர் ஆணையம் அமைக்கப்படவில்லை. வெளிநாட்டார் இன்று அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கையில் கிடைப்பது அந்த வாரத்துச் செய்தி நிறுவனக் குறிப்புகள்தான். அதில் இரண்டு இனப்பெயர்கள் இருக்கின்றன, ஓர் எண் இருக்கிறது.